புதுப் பயிர் முதன்முறை: ஒரு சென்ட்டில் சோதித்துப் பாருங்கள்

நீலகிரி மாவட்டத்தில் இன்று நம் தோட்டங்களில் நிற்கும் பயிர்களில் இம்மலைக்கே சொந்தமானவை மிகக் குறைவு. 1819-ஆம் ஆண்டு ஜனவரியில் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபோது சாமை, கேழ்வரகு போன்ற தானியங்களே இங்கு முக்கியமாக விளைந்தன. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு முதலிய சீமைக் காய்கறிகள் அவர் வந்த பின்னரே பரவின. 1830-களில் தேயிலையும் 1860-ல் சிங்கோனாவும் சோதனைக்காகக் கொண்டுவரப்பட்டன. ஆகவே, "நம் ஊரில் இது வழக்கமில்லை" என்று ஒரு பயிரைத் தள்ளிவிடும் நியாயம் நீலகிரி விவசாயிக்குக் கிடையாது. அவர் இன்று வழக்கம் என்று சொல்வதெல்லாம் ஒரு காலத்தில் யாரோ முதன்முறை செய்து பார்த்ததுதான்.

சல்லிவன் பெயர் எல்லோருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைத்த நிலத்தின் மூலையில் முதல்முறையாக ஒரு கூடை உருளைக்கிழங்கை ஊன்றிப் பார்த்த விவசாயியின் பெயரை எந்த ஏட்டிலும் நான் கண்டதில்லை. சர்க்காரின் சோதனை தவறினால் அறிக்கையில் ஒரு வரி எழுதுவார்கள். விவசாயியின் சோதனை தவறினால் அந்த வருடத்துச் சாப்பாடு போயிற்று. அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்திருப்பவர்கள் புதிதாக எதையும் தொடத் தயங்குவதை அறியாமை என்று சிலர் பேசுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அது கணக்குத் தெரிந்தவரின் தயக்கம்.

அதற்கு நேர்மாறான பழக்கமும் நம்மிடம் உண்டு. பக்கத்து ஹட்டியில் ஒருவருக்கு 'சைனீஸ்' காய்கறியில் நல்ல காசு வந்தது என்று கேள்விப்பட்டதும், அல்லது கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்ததும், அடுத்த போகத்தில் இருக்கிற நிலம் முழுவதிலும் அதையே நடுவது. தயங்கிச் சும்மா இருப்பவருக்கு நஷ்டம் மெதுவாக வருகிறது, அவசரப்படுபவருக்கு ஒரே போகத்தில் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திரும்பி வர முடியுமா?

புதிய பயிரைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு கிடைக்கும்?" என்பதல்ல. "பிடிக்காவிட்டால் பழைய பயிருக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகும்?" என்பதே. கேரட் சரியில்லையென்றால் நாலு மாதத்தில் நிலம் கைக்கு வந்துவிடும். தேயிலை அப்படியன்று. கன்று நட்டு மூன்று நான்கு வருடம் கழித்தே ஒழுங்காகக் கொழுந்து எடுக்க முடியும். பிறகு அது பல பத்தாண்டுகள் நிலத்தை விட்டு அகலாது.

இதை நம் மாவட்டம் அனுபவத்தில் கண்டிருக்கிறது. 1961-ல் ஊட்டிப் பக்கத்தில் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கு விளைச்சல் குறைந்தது, விலையும் நிலையாக இல்லை. பின்வந்த ஆண்டுகளில் சிறு விவசாயிகள் பலர் காய்கறி நிலத்தைத் தேயிலையாக மாற்றினார்கள். அப்போது அது தவறான முடிவு அல்ல; பல குடும்பங்கள் அதனால் வீடு கட்டின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஆனால் 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது, நிலம் முழுவதையும் தேயிலையாக்கியவர்களுக்குத் திரும்பி வர வழியில்லை. ஒரு பகுதியைக் காய்கறிக்கு நிறுத்தியிருந்தவர்கள் ஓரளவு தாக்குப் பிடித்தார்கள்.

ஆகவே நீண்ட காலப் பயிருக்கு ஒரு அளவு, குறுகிய காலப் பயிருக்கு வேறு அளவு. தேயிலையில் புதிய ரகம் வேண்டுமானால் இருக்கும் செடியைப் பிடுங்காமல், செடி செத்து வெற்றிடமாக உள்ள குழிகளில் முதலில் நட்டுப் பாருங்கள். குன்னூருக்குக் கீழேயும் கூடலூர்ப் பக்கமும் உள்ளவர்கள் சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்ற நினைத்தால் ஐந்து மரத்தில் ஏற்றிப் பார்த்துப் பிறகு மற்றதற்குப் போகலாம். (ஊட்டிக் குளிரில் மிளகு ஆசை வேண்டாம்.) பேரி, பிளம்ஸ் போன்ற பழ மரங்களுக்கும் இதே யோசனைதான்.

காய்கறியில் முதன்முறைக்கு ஒரு சென்ட் போதும். பிடிவாதமாக அதிகம் வேண்டுமென்றால் இரண்டு சென்ட். இடுபொருள் வாங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாத்தி முழுவதும் வீணானாலும் அடுத்த போகத்துக்கு விதையும் எருவும் கடனில்லாமல் வாங்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாக இறங்கலாம். முடியாது என்றால் பாத்தியின் அளவைப் பாதியாக்குங்கள். இந்தக் கேள்வியை வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும். களை எடுப்பதும் அறுவடை செய்வதும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

எந்த இடத்தில் போடுவது?

இங்கேதான் பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போகின்றன. புதுப் பயிர் என்றதும் சிலர் வீட்டுக்குப் பக்கத்தில் சாம்பலும் சாணமும் விழுந்து கொழுத்த மண்ணில் போடுகிறார்கள். அங்கே எதைப் போட்டாலும் வரும். சிலர், "போனால் போகிறது" என்று ஒன்றுக்கும் உதவாத மூலையில் போடுகிறார்கள். அங்கே எதைப் போட்டாலும் வராது. இரண்டிலும் தெரிவது மண்ணின் குணமே, பயிரின் குணமன்று. நிலத்தில் நடுத்தரமான இடத்தையே எடுக்க வேண்டும்.

புதுப் பயிருக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், வழக்கமாக நீங்கள் போடும் பயிரையோ ரகத்தையோ போட வேண்டும். இந்த ஒப்பீட்டுப் பாத்தி இல்லாவிட்டால் சோதனையே இல்லை. அந்தப் போகத்தில் மழை நன்றாகப் பெய்து எல்லாமே நன்றாக வந்திருக்கலாம், அல்லது எல்லாமே கெட்டிருக்கலாம். பக்கத்தில் பழைய ரகம் நின்றால்தான் எது மழையின் வேலை, எது ரகத்தின் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியும்.

மலைச் சரிவில் இன்னொரு எச்சரிக்கை. ஒரு பாத்தியை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைக்கக் கூடாது. மேலேயுள்ள மண்ணும் எருவும் மழையில் அடித்துக் கீழே சேரும். ஈரமும் கீழேதான் நிற்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும்போது குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தங்கும். இரண்டு பாத்திகளும் ஒரே மட்டத்தில் பக்கம் பக்கமாக இருக்கட்டும். படிமட்டம் வெட்டிய நிலமானால் உட்பக்கம் அடிமண் வெட்டுப்பட்டு மெலிந்தும், வெளி ஓரம் நிரப்பிய மண்ணாக ஆழமாகவும் இருக்கும். உட்பக்கத்தைப் புதிய பயிருக்கும் வெளிப்பக்கத்தைப் பழையதற்கும் கொடுத்தால் தீர்ப்பு முன்பே எழுதப்பட்டதுபோல் ஆகும். படிமட்டத்தைக் குறுக்கே பிரித்து, இரண்டு பாத்திக்கும் உட்பக்கமும் வெளிப்பக்கமும் சமமாகக் கிடைக்கும்படி செய்யுங்கள்.

ஒரே நாளில் நடவும், ஒரே அளவு எருவும், ஒரே தண்ணீரும் கொடுக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். புது ரகம், புது உரம், சொட்டு நீர் மூன்றையும் ஒன்றாகச் செய்தவர் கடைசியில், "நன்றாக வந்தது" என்று மட்டுமே சொல்ல முடியும். எதனால் வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

பிராக்கோலியை எடுத்துக்கொள்வோம்

இப்போது பலரும் கேட்பது பிராக்கோலி, சுகினி, லெட்யூஸ், சீன முட்டைக்கோசு போன்றவற்றைத்தான். பிராக்கோலியை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

இது முட்டைக்கோசு, காலிஃப்ளவர் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் புதிதானாலும் நோய் பழையதுதான். உங்கள் நிலத்தில் முட்டைக்கோசுச் செடி வெயிலில் வாடி, பிடுங்கிப் பார்த்தால் வேர் தடித்து முண்டு முண்டாக வீங்கியிருந்த அனுபவம் உண்டானால், அங்கே பிராக்கோலியைச் சோதிக்க வேண்டாம். அந்த வேர் வீக்க நோயின் வித்துக்கள் பல வருடம் மண்ணில் உயிரோடிருக்கும். புளிப்பு மண்ணில் இந்நோய் அதிகம், நம் மாவட்டத்து மண்ணோ பெரும்பாலும் புளிப்பானது. மண் பரிசோதனை செய்து, அதில் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு இடுவது நல்லது. நாற்றை வெளியிலிருந்து வாங்கினால் வேரைக் கழுவிப் பார்த்தே வாங்குங்கள். புதுப் பயிரோடு புது நோயையும் வீட்டுக்கு அழைத்துவரக் கூடாது. உருளைக்கிழங்கு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்ட பின், அதை எதிர்க்கும் 'குஃப்ரி ஸ்வர்ணா' ரகம் வெளிவர 1985 வரை ஆயிற்று. ஒருமுறை நிலத்தில் புகுந்தது எளிதில் வெளியேறுவதில்லை.

விதை விலை அதிகம். பொட்டலத்தை வாங்கியதும் முழுவதையும் நாற்றங்காலில் கொட்டிவிடாமல், இருபது விதையை ஈரத் துணியில் வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். பொட்டலத்தையும் ரசீதையும் அறுவடை முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி நட்டால் ஒரு சென்ட்டில் சுமார் 200 செடி நிற்கும். ரகங்களை ஒப்பிடத்தான் ஒரே நாள் நடவு. விற்பனையைச் சோதிக்க அது உதவாது. பிராக்கோலிப் பூ இறுகி, கரும்பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். சில நாள் விட்டால் மொட்டு விரிந்து மஞ்சளாகிவிடும், பிறகு வாங்க ஆளில்லை. அறுத்த பின்னும் உருளைக்கிழங்கைப்போல மூட்டை கட்டிக் காத்திருக்க முடியாது. எனவே முதல் போகத்தில் ரகத்தைப் பாருங்கள். அடுத்த முறை வாரத்துக்கு ஐம்பது நாற்றாக நான்கு வாரம் நட்டு, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக விற்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு சோதனைகள்.

இன்னொன்று. முதலில் அறுத்த பூவை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். நாம் வாயில் வைத்தறியாத காயை, வியாபாரி "இது முற்றல், இது மட்டம்" என்று சொல்லும்போது மறுத்துப் பேச முடியாது. குழந்தைகள் முகத்தைச் சுளித்தால் கவலை வேண்டாம். முட்டைக்கோசுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் சுளித்திருப்பார்கள்.

எடை போட்டுப் பார்த்தல்

ஓர வரிசைச் செடிகளுக்கு வெளிச்சமும் இடமும் அதிகம். அவற்றை விட்டுவிட்டு, இரண்டு பாத்திகளிலும் உள்வரிசைகளில் சம நீளத்தை எடை போட்டு ஒப்பிடுங்கள். முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று தனித்தனியாக எழுத வேண்டும். நம் வீட்டு ஆட்கள் செய்த வேலையையும் நாள் கணக்கில் எழுதுங்கள். கூலி கொடுக்கவில்லை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது.

ஒரு சென்ட்டில் 200 செடிக்கு 160 பூ தேறி, ஒவ்வொன்றும் 300 கிராம் என்று வைத்துக்கொண்டால் 48 கிலோ. நூறால் பெருக்கினால் ஏக்கருக்கு 4,800 கிலோ. இந்த எண்ணை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். ஒரு சென்ட்டைக் கவனிக்கிற கவனம் ஒரு ஏக்கருக்குக் கிடைக்காது. ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது என் வழக்கம். 3,840 கிலோவுக்கும் லாபம் நிற்கிறதா என்று பாருங்கள். விலையைப் போடும்போது அந்தப் போகத்தில் கிடைத்த மிக உயர்ந்த விலையைப் போடாமல் மிகக் குறைந்த விலையைப் போடுங்கள்.

தவறிப்போனால்

ஒரு போகம் தவறியதும், "இது நம் மண்ணுக்கு ஆகாது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1830-களில் கேத்தி சர்க்கார் பண்ணையில் தேயிலைச் செடிகளை வைத்தார்கள். சில ஆண்டுகளில் பண்ணையை மூடிவிட்டார்கள், செடிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அவற்றைப் பார்த்தவர், தேயிலை நீலகிரிக்கு ஆகாது என்றுதான் சொல்லியிருப்பார். பிறகு பெரோட்டே என்ற பிரெஞ்சுத் தாவர நிபுணர் அவற்றைக் கவனித்தபோது செடிகள் தழைத்தன. தவறியது செடியா, செய்முறையா என்று பார்க்க வேண்டும். முளைப்பு குறைந்ததா? நட்ட காலம் சரியில்லையா? பழைய ரகமும் அதே அளவு கெட்டதா? பழையது நன்றாக நின்று புதியது மட்டும் இரண்டு போகமும் கெட்டால் அதை விட்டுவிடலாம். அப்படி ஒரு சென்ட்டில் தெரிந்துகொண்டது நஷ்டமல்ல.

ஒரு போகத்து வெற்றியையும் அப்படியே நம்பக் கூடாது. நீர்போகத்தில் அழகாக வந்த பயிர் கார்போகத்து மழையில் அழுகலாம், கடைபோகத்தில் பனியில் கருகலாம். ஊருக்கு ஊரும் மாறும். கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரத்திலும் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை முக்கியம். மச்சான் தோட்டத்தில் வந்தது என்பது உங்கள் தோட்டத்துக்குச் சாட்சியாகாது. ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ, குன்னூர் உபாசி வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ உங்கள் ஊரின் உயரத்தையும் நடவு மாதத்தையும் சொல்லி யோசனை கேளுங்கள். வெறுமனே "பிராக்கோலி போடலாமா?" என்று கேட்டால் வெறுமனே ஒரு பதில்தான் கிடைக்கும்.

இரண்டு போகம் தேறிய பயிரை மூன்றாவது போகத்தில் ஐந்து சென்ட்டுக்கு விரிக்கலாம். அதற்கு மேல் போகும் முன், உங்களிடம் வாங்கும் வியாபாரி வாரத்துக்கு எத்தனை கிலோ எடுப்பார், எந்தக் கிழமை வண்டி வரும், மட்டம் என்று கழித்ததை யார் கணக்கில் எழுதுவார் என்ற மூன்றையும் கேட்டு, நடவுத் தேதி எழுதிய அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.