மூச்சு பழகிவிட்டது, எலும்பு பழகவில்லை

உட்கார் தம்பி, டீ வரட்டும். வலி எங்கே, முன்னங்காலின் உள்பக்க ஓரத்திலா? கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திக்கொண்டே போனால் நாலைந்து விரற்கடை நீளத்துக்கு வலிக்கிறதா? ஓடத் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறைந்து, ஓடி முடித்தபின் மறுபடி வருகிறதா? கோச்சுகள் ‘ஷின் ஸ்பிளிண்ட்ஸ்’ என்பது இதைத்தான்.

காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அறிவிப்பு வந்த மறுநாளே தார் ரோட்டில் இறங்குகிற பிள்ளைகளுக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம். மூச்சும் சதையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு அப்படியில்லை. பாரம் கூடினால் அது முதலில் தன்னைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும், பிறகுதான் புதிதாகக் கட்டும். பழைய சுவரை இடித்துவிட்டுத்தானே புதுச்சுவர் எழுப்ப முடியும்? இடிப்பது சீக்கிரம் முடியும், கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். நீயோ மூன்றாம் நான்காம் வாரத்தில், சுவர் பாதியில் நிற்கும்போது, வேகத்தைக் கூட்டுகிறாய். தட்டைப் பாதமும் தேய்ந்த ஷூவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சுளுக்கு என்று எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவார்கள். சுளுக்கே இல்லாத இடத்தில் எதை எடுப்பது? வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது அதைவிட மோசம்.

சில வாரம் ஓட்டத்தை நிறுத்து. துணியில் சுற்றிய ஐஸை ஒரு கால்மணி நேரம் வை. மூச்சு இறங்கிவிடுமே என்று பயமா? சைக்கிள் மிதி, கிணற்றிலோ குளத்திலோ நீந்து. படிக்கட்டு ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கு. ஆடுசதை பலப்பட்டால் எலும்புக்குச் சுமை குறையும். வேகமாக நடந்தாலும் வலியில்லை என்றான பிறகு, மண் தரையில், ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடை என்று ஆரம்பி.

உன் தங்கையும் ஓடுகிறாளாமே. அவளுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனால் அம்மாவிடம் சொல்லச் சொல். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் அப்படி ஆகும், எலும்பும் பலவீனப்படும்.

இன்னொன்று. ஒரே விரல் நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, ராத்திரி படுத்தாலும் வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டாலோ எலும்பில் விரிசல் இருக்கலாம். எலும்பு டாக்டரைப் பார். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். அதனால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்னாலும், வலி அப்படியே இருந்தால் ஓடாதே. மறுபடி போய்க் காட்டு.