பச்சோந்தியின் உணவுப் பிடிவாதம்

பச்சோந்தி என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் மனிதரை ஏசுவதற்கே எடுத்தாள்கிறோம். நேரத்துக்கு ஏற்றவாறு கொள்கையை மாற்றுபவரை அப்பெயரால் சுட்டுகிறோம். ஆனால் அப்பிராணியை வீட்டில் வளர்ப்போர் கூறுவது வேறு. நிறத்தைச் சிறுபொழுதில் மாற்றிக்கொள்ளும் அதே பிராணி, உணவை மாற்றிக்கொள்ள மட்டும் எளிதில் இசைவதில்லை. சுவர்க்கோழி தின்று பழகியதன் முன் கரப்பானை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பட்டுப்புழுவின் சுவை கண்டுவிட்டாலோ, சுவர்க்கோழியை ஏறெடுத்தும் பாராது. நாள்கள் செல்லச் செல்ல வளர்ப்பவருக்குக் கவலையும் பிராணிக்கு மெலிவும் மிகுகின்றன. இப்பிடிவாதத்தின் காரணம் யாது, அதனைத் தீங்கின்றி மாற்றுவது எவ்வாறு என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். நம் நாட்டுப் புதர்க்காடுகளிலும் தோட்டங்களிலும் இயல்பாக வாழும் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றது. அதனைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றமாகும். குஜராத்திலோ ஒடிசாவிலோ வாழும் நேயர்கள் வேலியோரத்தில் ஒன்றைக் கண்டால், குழந்தைகளுக்குத் தொலைவில் நின்று காட்டலாமேயன்றி வீட்டுக்குக் கொணர்தல் ஆகாது. நாம் இங்கே குறிப்பது, ஏமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும் உயர்ந்த கொண்டையுடைய பச்சோந்தியையும், மடகாஸ்கர் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியையுமே ஆகும். இவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாண்டுகளாகக் கூண்டுகளிலேயே இனம்பெருக்கி வளர்க்கப்பெறுபவை. இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமும் 2024-ஆம் ஆண்டின் விதிகளும் கூறுகின்றன. எம்மாநிலத்தில் வாழ்வோரும் இதனை மறத்தலாகாது.

இனி, பச்சோந்தி தன் இரையை எவ்வாறு அறிகிறது என்பதைக் காண்போம். அதன் இரு கண்களும் தனித்தனியே சுழல வல்லன. ஒரு கண் மேற்கிளையை நோக்க, மற்றொன்று தரையை நோக்கும். இரை தென்பட்டதும் இரண்டும் ஒருங்கே முன்னோக்கி நிலைகொள்ளும். தொலைவை அளப்பதற்கு அது தன் கண்வில்லையின் குவியத்தையே நம்புகிறது. அதன் கண்ணெதிரே கண்ணாடி வில்லைகளைப் பொருத்தியபோது நாக்கு குறி தவறியதை 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. குறி அமைந்ததும், உடலின் நீளத்தையும் விஞ்சும் நாக்கு நொடியின் சிறு பகுதிக்குள் பாய்ந்து இரையைப் பற்றுகிறது. நாக்கின் நுனியில் உள்ள நீர், மனித உமிழ்நீரைவிட ஏறத்தாழ 400 மடங்கு பிசுபிசுப்பு உடையது என்று 2016-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

இதனால் நாம் அறிய வேண்டுவது யாது? நாய் மோப்பத்தால் உணவை அறியும். பச்சோந்தி பெரிதும் கண்ணால் அறியும். அதுவும் அசைவைக் கண்டே அறியும். கிண்ணத்தின் அடியில் அசையாது கிடக்கும் புழு எத்துணைச் சத்து மிக்கதாயினும் அதற்கு உணவாகத் தோன்றுவதில்லை. மாதக்கணக்கில் ஒரே வகைப் பூச்சியை ஒரே இடத்தில் கண்டு பழகிய பிராணிக்கு, அவ்வடிவமும் அவ்வசைவுமே உணவின் அடையாளங்கள் ஆகிவிடுகின்றன. புதிய பூச்சியை அது வெறுக்கின்றது என்று நாம் எண்ணுகிறோம். பல வேளைகளில் அதனை உணவென்று அது அறியவே இல்லை என்பதுதான் உண்மை. எனவே மாற்ற வேண்டுவது பிராணியின் குணத்தை அன்று. நாம் உணவைக் காட்டும் முறையை.

பழகிய பூச்சியையே தந்துவந்தால் என்ன என்று சிலர் வினவலாம். சுவர்க்கோழி முதலிய பெரும்பாலான தீவனப் பூச்சிகளில் எரியச்சத்து மிகுதி; சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இக்குறை நீடித்தால் எலும்புகள் மென்மையுற்றுக் கால்கள் வளையும், தாடை வீங்கும், கிளையைப் பற்றும் வலிமை குன்றும். சுண்ணாம்புத் தூளைப் பூச்சியின்மேல் தூவித் தருவது இதனைத் தடுக்கும் முதல் வழியாகும். பூச்சி வகைகளை மாற்றித் தருவது இரண்டாவது வழி. சான்றாக, சமையற்கழிவை உரமாக்கப் பயன்படும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் சுண்ணாம்புச் சத்து இயல்பாகவே மிகுந்துள்ளது. பட்டுப்புழு மென்மையானது, நீர்ச்சத்து உடையது. ஒரே பூச்சியில் எல்லாச் சத்தும் அமைவதில்லை. மேலும், ஒரே வகையை நம்பியிருப்பவர், அது சந்தையில் கிடைக்காத வாரத்தில் கைபிசைந்து நிற்க நேரும்.

உணவை மாற்றத் தொடங்குமுன், பிராணி உண்ண மறுப்பதற்கு வேறு காரணம் உண்டா என்று ஆராய்தல் இன்றியமையாதது. முதலாவது வெப்பம். பச்சோந்தியின் உடலுக்குத் தன் சூடு இல்லை. வெளிச்சூட்டைக் கொண்டே அது இரையைச் செரிக்கிறது. வெயில் காயும் கிளையில் ஏறத்தாழ 30 முதல் 32 பாகை செல்சியஸ் வரை வெப்பம் இருத்தல் வேண்டும். தில்லியிலும் லக்னோவிலும் சனவரி மாதக் குளிரில், விளக்கில்லாத கூண்டில் இருக்கும் பச்சோந்தி உண்ணாமல் இருப்பது பிடிவாதம் அன்று. அதன் வயிறு வேலை செய்யவில்லை என்பதே பொருள். இரண்டாவது ஒளி. எலும்பு உறுதிக்கு வேண்டிய உயிர்ச்சத்தைப் பெற அதற்குப் புறஊதாக் கதிர் வேண்டும். சன்னற் கண்ணாடி அதற்கு வேண்டிய கதிரைப் பெரிதும் தடுத்துவிடுவதால், கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. மும்பையின் மழைமாதங்களில் நாள்தோறும் வானம் மூடியிருக்கும்போது, இதற்கென அமைந்த விளக்கே துணை.

மூன்றாவது நீர். கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் பருகுவதில்லை. இலையில் திரளும் துளிகளையே நக்கிப் பருகும். தாகமுற்ற பிராணி உணவையும் மறுக்கும். குழிவிழுந்த கண்கள் நீர்க்குறைவின் அடையாளம். நான்காவது கருப்பம். கொண்டைப் பச்சோந்தியின் பெண், ஆணோடு சேராமலே முட்டையிடுவதுண்டு. முட்டையிடும் நாள்கள் நெருங்கும்போது அது உணவைக் குறைத்து, இடம் தேடி அலையும். அப்போது அதற்கு வேண்டுவது புதிய பூச்சி அன்று. தோண்டுவதற்கு ஈரமணல் நிறைந்த ஆழமான தொட்டியே. ஐந்தாவது நோய். பகலில் கண்மூடிக் கிடப்பது, நாக்கு மீண்டும் மீண்டும் குறி தவறுவது, வாயோரம் வீங்குவது ஆகியவை கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள்.

இவ்வைந்தும் சீராக இருப்பின் மாற்றத்தைத் தொடங்கலாம். காலையில் விளக்கேற்றி, பிராணி ஒருமணி நேரம் வெயில் காய்ந்தபின் உணவு தருதல் நன்று. அப்போது அதன் நிறத்தைக் கவனிக்க. சூழலுக்கு ஏற்பத் தன்னை மறைத்துக்கொள்ளவே அது நிறம் மாறுகிறது என்னும் கருத்து முழுதும் சரியன்று. குளிர், அச்சம், சினம் முதலிய நிலைகளையே நிறம் பெரிதும் காட்டுகிறது. கருத்தும் மங்கியும் இருந்தால் அது காத்திருக்கச் சொல்கிறது என்று கொள்க. தெளிந்த நிறத்துடன் அமைதியாக இருக்கும் வேளையே உரிய வேளை.

அவ்வேளையில் புதிய பூச்சி ஒன்றை மட்டும், பச்சோந்தியின் கண்மட்டத்துக்கு நேராக, சுமார் ஒரு சாண் தொலைவில் கிளைமீது விடுக. பூச்சி கிளையில் ஏறி நகர்தல் வேண்டும். கிண்ணம் பயன்படுத்துவோர், வெளிறிய நிறக் கிண்ணத்தின் உட்புறத்தில் வலைத்துண்டு ஒன்றை ஒட்டிவைத்தால், பூச்சி அதன்மேல் ஊர்ந்து கண்ணிற் படும். பூச்சியின் அகலம் பச்சோந்தியின் இரு கண்களின் இடைவெளியை மிகாதிருத்தல் நலம். பின்னர் நாம் விலகிவிட வேண்டும். உற்றுநோக்கும் மனித முகம் அதற்கு வேட்டையாடும் விலங்கின் முகமே. கால்மணி நேரம் கழித்தும் தீண்டாவிடின், புதியதை எடுத்துவிட்டுப் பழகியதில் சிறிதளவு தருக. மறுமுறையும் புதியதே முதலில் வருதல் வேண்டும். அதனை ஏற்கத் தொடங்கியபின் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்து தந்து, பழையதைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

வளர்ந்த பச்சோந்திக்கு நாள்தோறும் உணவு வேண்டுவதில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் போதும். பசியறியாத பிராணி எதையும் தேர்ந்தெடுத்தே உண்ணும். ஆதலின் நலமாக உள்ள முதிர்ந்த பிராணியை இரண்டு மூன்று நாள் நீர் மட்டும் தந்து காத்திருக்கச் செய்வதில் தீங்கில்லை. ஆனால் இவ்விதி குஞ்சுகளுக்குப் பொருந்தாது. அவை விரைந்து வளர்பவை. நாள்தோறும் உண்ண வேண்டியவை. பட்டினி போட்டுப் பழக்குவது அவற்றின் உயிருக்கே கேடாகும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் கிராம் அளவில் எடை பார்த்துக் குறித்து வைத்தல் நன்று. எடை தொடர்ந்து குறைந்தால் சோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரை நாடுக.

எளிய முறைக்கு இசையாத பிராணிக்கு வேறு உபாயங்கள் உண்டு. பறக்கும் இரை அதன் வேட்டைக் குணத்தை எழுப்பும். பட்டுப்புழு வளர்ந்து அந்துப்பூச்சியானபின் கிளையில் சிறகடிக்கவிட்டால், பல நாள் உண்ணாத பச்சோந்தியும் நாக்கை நீட்டுவதாக வளர்ப்போர் கூறுவர். குச்சிப்பூச்சி, கும்பிடுபூச்சி ஆகியவற்றையும் சிலர் இதன்பொருட்டே வளர்க்கின்றனர். இவ்வாறு ஒருமுறை புதியதைத் தின்ற பிராணி, அடுத்த புதியதையும் எளிதில் ஏற்கக் காணலாம்.

தீவனப் பூச்சிகளையும் நாம் பட்டினி போடலாகாது. பச்சோந்திக்குத் தருவதற்கு ஓரிரு நாள் முன்னரே அவற்றுக்கு முருங்கைக்கீரை, கேரட் போன்றவற்றைத் தந்தால், அச்சத்து பச்சோந்தியைச் சென்று சேரும். முருங்கை தமிழர் குடியேறிய நகரங்கள் பலவற்றிலும் கிடைப்பதே. பாலக்கீரையைப் பெரிதும் நம்புதல் வேண்டா. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்காதவாறு தடுக்கும்.

செய்யத்தகாதவை சில உள. தோட்டத்தில் பிடித்த பூச்சிகளைத் தருதல் கூடாது; பூச்சிமருந்தின் எச்சம் அவற்றில் இருக்கக்கூடும். மின்மினியை ஒருபோதும் தரலாகாது. மின்மினிகளில் உள்ள நஞ்சு வளர்ப்புப் பல்லிகளைக் கொன்றதை 1999-ஆம் ஆண்டில் அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். தின்னாத சுவர்க்கோழிகளை இரவில் கூண்டில் விட்டுவைத்தால், அவை உறங்கும் பச்சோந்தியைக் கடித்துப் புண்ணாக்கும். எல்லாவற்றிலும் கொடியது வாயைப் பிளந்து ஊட்டுவது. மருத்துவர் கூறியாலன்றி அதனைச் செய்யலாகாது. தாடையும் நாக்கும் ஊறுபடுவதோடு, கையைக் கண்டாலே அஞ்சும் இயல்பும் அதற்கு வந்துவிடும்.

அரிசிச் சோற்றில் வளர்ந்து, பிழைப்பின்பொருட்டுக் கோதுமை விளையும் நாடுகளில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. வந்த புதிதில் சப்பாத்தியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய பிள்ளைகள், சில திங்களில் அதனைக் கேட்டு வாங்கி உண்கின்றனர். அதட்டலால் வந்த மாற்றம் அன்று அது. சோற்றையும் உடன்வைத்து, சப்பாத்தியையும் நாள்தோறும் கண்ணில் காட்டி, பசியும் காலமும் தம் வேலையைச் செய்யவிட்ட அன்னையரின் பொறுமையால் வந்தது. பச்சோந்திக்குப் பேச்சில்லை, பசிக்கவில்லை என்றோ, குளிர்கிறது என்றோ, இது உணவென்று தெரியவில்லை என்றோ அதனால் சொல்லவியலாது. முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒன்றே அது அறிந்த விடை. அவ்விடையைப் பிடிவாதம் என்று தள்ளாமல் அதன் காரணத்தைத் தேடுவோரின் கூண்டில் அவ்வுயிர் நெடுநாள் வாழும்.