எதிர்ப்பு ஓட்டு – ஒன்று!

இந்தத் தடவை ஒரு எதிர்க்கட்சி உறுப்பினரைப் பற்றி எழுதுகிறேன். "எதிர்க்கட்சியா? கத்துவாங்க, வெளிநடப்பு பண்ணுவாங்க, அவ்வளவுதானே!" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்லப் போகிறவர் வெளிநடப்பு செய்திருந்தால் அவர் கட்சியில் சபைக்குள் மிச்சம் ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டார். ஏன்னா, கட்சியே அவர் ஒருத்தர்தான்! பெயர் ஹெலன் சுஸ்மான். நாடு தென் ஆப்பிரிக்கா.

தென் ஆப்பிரிக்கா என்றதும் நமக்குக் காந்தியும் தில்லையாடி வள்ளியம்மையும் ஞாபகம் வருவார்கள். வள்ளியம்மை பிறந்த ஊர் ஜோகன்னஸ்பர்க். சுஸ்மான் ஜெயித்த ஹவுட்டன் தொகுதியும் அதே நகரம்தான். வள்ளியம்மை 1914-ல் இறந்த பிறகு அங்கே நிலைமை சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 1948-ல் நேஷனல் கட்சி ஆட்சிக்கு வந்ததும் நிறவெறியைச் சட்டம் சட்டமாகப் போட ஆரம்பித்தது. கறுப்பர் எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம், எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம். கறுப்பர்கள் எந்நேரமும் 'பாஸ்' புத்தகம் ஒன்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்கும்போது கையில் இல்லையென்றால் கைது! பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருமே வெள்ளையர்கள். கறுப்பர்களுக்கு ஓட்டு கிடையாது. 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன நம் தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் கிடையாது.

சுஸ்மானும் வெள்ளைக்காரர்தான். 1917-ல் பிறந்தவர். லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு சொல்லிக்கொடுத்த டீச்சர். 1953-ல் யுனைடெட் கட்சி சார்பில் ஜெயித்தார். அது பெரிய எதிர்க்கட்சி, ஆனால் நிறவெறியை எதிர்ப்பதில் வழவழா கொழகொழா. பொறுக்க முடியாமல் 1959-ல் பத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் பிரிந்துபோய்ப் புரோகிரசிவ் கட்சியை ஆரம்பித்தார்கள். 1961-ல் தேர்தல் வந்தது. தலைவர் உட்பட எல்லாரும் தோற்றார்கள். சுஸ்மான் மட்டும் 564 ஓட்டு வித்தியாசத்தில் தப்பினார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 283 பேர் மனசு மாறி எதிராளிக்குப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆளுங்கட்சிக்கு 105 இடம், யுனைடெட் கட்சிக்கு 49, இவர் கட்சிக்கு 1. அடுத்த பதின்மூன்று வருஷம், 1974-ல் இன்னும் ஆறு பேர் வந்து சேரும்வரை, இதே ஒன்றுதான்.

ஒரு ஆளால் என்ன செய்ய முடியும்? இரண்டு விஷயம் முடியும். ஒன்று ஓட்டு, இன்னொன்று கேள்வி.

ஓட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1963-ல் நீதித்துறை மந்திரி ஃபோர்ஸ்டர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதன்படி போலீஸ் அதிகாரி யாரையும் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். வழக்கே போடாமல் 90 நாள் அடைத்து வைக்கலாம். வக்கீலைப் பார்க்க முடியாது. 90 நாள் முடிந்ததும் வாசலிலேயே மறுபடி பிடித்து இன்னொரு 90 நாள் வைக்கலாம்! நாட்டுப் பாதுகாப்பு என்று சொன்னதும் யுனைடெட் கட்சியும் பயந்துபோய் அரசாங்கத்தோடு சேர்ந்துகொண்டது. ஆதரிப்பவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம். எதிர்க்கும் பக்கத்தில் காலி பெஞ்சுகளுக்கு நடுவே சுஸ்மான் மட்டும். 1967-ல் பயங்கரவாதச் சட்டம் வந்தபோதும் இதே கதை. அதில் 90 நாள் என்ற கணக்குகூட இல்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அப்போதும் எதிர்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

மசோதா நிறைவேறிவிட்டது. அப்புறம் அந்த ஓட்டால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு ஓட்டு இல்லாமல் போயிருந்தால் சபைக் குறிப்பில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதியிருப்பார்கள். சிறையில் கிடந்தவர்களுக்கு அதைவிடக் கொடுமை வேறு ஏது? அந்தச் சட்டம் வந்த அதே வருஷம் செப்டம்பரில் லுக்ஸ்மார்ட் ந்குட்லே என்ற கறுப்பர் போலீஸ் காவலில் இறந்தார். அடுத்த வருஷம் செப்டம்பரில் சுலைமான் சலூஜி என்ற இந்திய வம்சாவளி இளைஞர், ஜோகன்னஸ்பர்க் போலீஸ் கட்டடத்தின் ஏழாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். விசாரணைக்குக் கூட்டிப்போன இடம் அது. இவர்கள் இரண்டு பேருமே 90 நாள் சட்டத்தில் பிடிபட்டவர்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்தது யார் என்பது குறிப்பில் அப்படியே இருக்கிறது.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

நம் குடிமையியல் பாடத்தில் 'கேள்வி நேரம்' என்று ஒரு பத்தி வரும், ஒரு மார்க் கேள்விக்குப் படித்துவிட்டு விட்டுவிடுவோம். பிரிட்டனிலிருந்து வந்த வழக்கம் அது. தென் ஆப்பிரிக்கப் பாராளுமன்றத்திலும் இருந்தது. உறுப்பினர் கேள்வியை எழுதி முன்னாடியே கொடுக்க வேண்டும். மந்திரி சபையில் பதில் சொல்ல வேண்டும். ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா, நூறு பேரா ஒருத்தரா என்ற பேதம் அதில் இல்லை. ஓட்டெடுப்பில் ஒன்று எப்போதும் நூற்றைந்துக்குத் தோற்கும். கேள்வியில் அப்படி இல்லை! சுஸ்மான் ஒரே கூட்டத்தொடரில் நூறு கேள்விக்கு மேல் கேட்டார்.

அவர் கேட்டதெல்லாம் பெரும்பாலும் எண்ணிக்கைக் கேள்விகள். பாஸ் சட்டத்தில் இந்த வருஷம் எத்தனை பேர் மேல் வழக்கு? (பதில் லட்சக்கணக்கில் வரும்.) எத்தனை பேருக்குச் சவுக்கடி? எத்தனை பேருக்குத் தூக்கு, அதில் எந்த நிறத்தவர் எத்தனை? 90 நாள் சட்டத்தில் எத்தனை பேர் பிடிபட்டார்கள், அதில் எத்தனை பேர் மேல் வழக்குப் போட்டீர்கள், எத்தனை பேரைச் சும்மா விட்டீர்கள்?

கடைசிக் கேள்வியில் இருக்கும் சாமர்த்தியத்தைப் பாருங்கள். 'அப்பாவிகளைப் பிடிக்கிறீர்கள்' என்று அவர் பேசியிருந்தால் மந்திரி 'பொய்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். சும்மா விட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், மந்திரி தன் வாயாலேயே ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும். குற்றமே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தவர்களின் கணக்கு அதுதானே? அதே மாதிரிதான் பள்ளிக்கூடக் கேள்வியும். ஒரு வெள்ளைக் குழந்தையின் படிப்புக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள், ஒரு கறுப்புக் குழந்தைக்கு எவ்வளவு? அந்தக் காலத்தில் வித்தியாசம் பத்து மடங்குக்கும் மேல். குற்றச்சாட்டே சொல்லத் தேவையில்லை, வகுத்தல் கணக்கைப் படிக்கிறவர்களே போட்டுக்கொள்வார்கள். சில சமயம் மந்திரி 'பொதுநலன் கருதிச் சொல்ல இயலாது' என்று நழுவுவார். அதுவும் குறிப்பில் ஏறிவிடும். எதை மறைத்தார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இதனால் மந்திரிகளுக்குச் செம எரிச்சல். வெளிநாட்டில் தென் ஆப்பிரிக்காவின் மானத்தை வாங்கத்தான் இந்தக் கேள்விகளைக் கேட்கிறீர்கள் என்று ஒரு மந்திரி கத்தினார். அதற்கு சுஸ்மான், மானத்தை வாங்குவது என் கேள்விகள் இல்லை, உங்கள் பதில்கள்தான் என்று திருப்பிச் சொன்னார். இப்படி ஒரு பதில் எனக்கெல்லாம் சண்டை முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் தோன்றும்!

இன்னொரு காரணமும் உண்டு, ஏன் சபையில் கேட்டாக வேண்டும் என்பதற்கு. 1959-ல் வந்த சிறைச் சட்டப்படி, சிறைக்குள் நடப்பதைத் தவறாக எழுதினால் பத்திரிகை மீது வழக்கு. எழுதியது உண்மை என்று சரிபார்த்ததைப் பத்திரிகைதான் நிரூபிக்க வேண்டும். 1965-ல் 'ராண்ட் டெய்லி மெயில்' பத்திரிகை சிறைக் கொடுமைகளைத் தொடராக எழுதியது. ஆசிரியர் லாரன்ஸ் கண்டார் மேலும் நிருபர் பெஞ்சமின் போக்ரண்ட் மேலும் வழக்குப் போட்டு, 1969-ல் தண்டனையும் வாங்கிக்கொடுத்தார்கள். மந்திரியே சபையில் எழுந்து சொன்ன பதிலைப் போட்டால் யார் வழக்குப் போட முடியும்? அதனால் பத்திரிகைகள் சுஸ்மானுக்குக் கிடைத்த பதில்களைப் பிடித்துக்கொண்டன. இன உறவுகள் நிறுவனம் என்ற அமைப்பு வருஷா வருஷம் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பிலும் சபைப் பதில்கள் நிறைய ஏறின. இன்றைக்கு அந்தக் கால வரலாற்றை எழுதுகிறவர்களும் அந்த எண்களைத்தான் எடுக்கிறார்கள்.

கேள்விகள் எங்கிருந்து வந்தன? கடிதங்களிலிருந்து. ஓட்டில்லாத கோடிக்கணக்கான பேருக்கு இவர்தான் உறுப்பினர் மாதிரி. கைதிகளின் மனைவிமார், வீட்டை இடித்துத் துரத்தப்பட்டவர்கள் எல்லாரும் எழுதினார்கள். கடிதத்தை மட்டும் நம்பாமல் அவர் நேரில் போய்ப் பார்ப்பார். 1967-ல் ராபன் தீவுச் சிறைக்குப் போனார். முதல் அறைகளில் இருந்தவர்கள், எங்களுக்காகப் பேசுகிறவர் கடைசியில் இருக்கிறார், அவரிடம் போங்கள் என்று அனுப்பினார்கள். அந்தக் கடைசி ஆள் நெல்சன் மண்டேலா. அதிகாரிகள் பக்கத்தில் நிற்கும்போதே அவர் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கையில் நாஜி ஸ்வஸ்திகா பச்சை குத்திய ஒரு வார்டர் கைதிகளைப் படுத்தும் பாட்டையும் சொன்னார். திரும்பி வந்த சுஸ்மான், இவரை மாற்றாவிட்டால் சபையில் எழுப்புவேன் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார். உலகமெல்லாம் நாறிவிடும் என்று பயந்து அந்த வார்டரைத் தீவை விட்டே மாற்றினார்கள். கேட்காத கேள்விக்கே அந்தப் பலம்!

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலையும் இருக்கிறது. சபையில் யூதர் என்றும் பெண் என்றும் கேலி பேசினார்கள். 1966 செப்டம்பரில் பிரதமர் வெர்வூர்டை சபைக்குள்ளேயே ஒருவர் குத்திக் கொன்றபோது, பி.டபிள்யூ.போத்தா என்ற மந்திரி சுஸ்மானைப் பார்த்து விரலை நீட்டி, உன்னால்தான் இது என்று கத்தினார். சுஸ்மான் விடவில்லை, மன்னிப்புக் கேட்கவைத்தார். மிரட்டல் போன்கள் வேறு. அதற்கு அவர் போன் பக்கத்தில் ஒரு விசில் வைத்திருந்து, மிரட்டுகிறவன் காதில் ஓங்கி ஊதிவிடுவாராம்! (நம் பி.டி. சாருக்குப் பிடிக்கும்.)

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை. வெள்ளையர் மட்டும் உட்காரும் சபையில் இவரும் உட்கார்ந்தால் அந்தச் சபைக்கு மரியாதை தேடித் தருவதுதானே என்று விடுதலைப் போராளிகளில் சிலர் கேட்டார்கள். அவர் கட்சியே 1978 வரை எல்லாருக்கும் ஓட்டு என்று சொல்லவில்லை. படிப்போ சொத்தோ இருக்கிறவர்களுக்கு மட்டும் என்றுதான் சொன்னது. உலக நாடுகள் தென் ஆப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்த வேண்டும் என்று கேட்டபோதும் அவர் எதிர்த்தார், கஷ்டப்படப் போவது கறுப்பர்கள்தான் என்றார். ஓட்டு விஷயத்தில் அவர் கட்சி சொன்னது தப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படிக்கவிடாமல் வைத்துவிட்டுப் படித்தவனுக்குத்தான் ஓட்டு என்றால் எப்படி? ஆனால் சபைக்கே போயிருக்கக் கூடாது என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவர் போகாவிட்டால் அந்தக் கேள்விகளை யார் கேட்டிருப்பார்கள்?

36 வருஷம் உறுப்பினராக இருந்து 1989-ல் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் மண்டேலா விடுதலையானார். 1994-ல் எல்லா நிறத்தவரும் ஓட்டுப் போட்டு அவர் ஜனாதிபதி ஆனார். புதிய அரசியல் சட்டத்தில் 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் கையெழுத்துப் போட்டார். பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேரை 1960-ல் போலீஸ் சுட்டுக்கொன்ற ஊர் அது. கையெழுத்துப் போடும்போது அவர் பக்கத்தில் நின்ற பாட்டிக்கு வயது 79. ஹெலன் சுஸ்மான்.