நீரும் உயிரும் – 9
கூடியிருப்பதும் கரைந்திருப்பதும்

நீர் ஒரு தனி மூலகமன்று, ஹைட்ரஜனும் பிராணவாயுவும் ரசாயன முறையில் கூடிப் பிறந்த பதார்த்தமே என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காவெண்டிஷும் லவாசியேயும் நிலைநாட்டிய வரலாற்றைச் சென்ற வாரம் கண்டோம். அந்த அரிய உண்மை பாடப்புத்தகங்களில் ஏறி ஊர்தோறும் பரவியபோது, அதையே ஆதாரமாகக் கொண்டு ஒரு தவறான எண்ணமும் கூடவே பரவிவிட்டது. நீரிலேயே பிராணவாயு இருக்கிறபடியால் மீன் அந்த நீரைப் பிரித்துச் சுவாசிக்கிறது என்றும், ஆகவே நீர் நிறைந்திருக்கும்வரை நீர்வாழ் பிராணிகளுக்கு மூச்சுக் குறைவு நேராது என்றும் படித்தவர்களே நம்புகிறார்கள்.

ஒரு லிட்டர் நீரில் ஹைட்ரஜனோடு கூடியிருக்கும் பிராணவாயுவின் எடை ஏறக்குறைய 889 கிராம். அதே நீரில், காற்றிலிருந்து வந்து கரைந்திருக்கும் பிராணவாயுவோ, 30 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் மிகுதியாகப் போனால் ஏழரை மில்லிகிராம்தான். முன்னது பின்னதைக் காட்டிலும் லட்சம் மடங்குக்கு மேற்பட்டதாயினும், மீனுக்கு அதனால் ஒரு மூச்சுக்கூடக் கிடைப்பதில்லை. கூடிய அணுக்களைப் பிரிப்பதற்கு, 1800-ஆம் ஆண்டில் நிக்கல்சனும் கார்லைலும் செய்து காட்டியதுபோல மின்சாரத்தைச் செலுத்த வேண்டும். செவுள்களின் மெல்லிய இதழ்களில் ஓடும் ரத்தத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. கரைந்து தனித்து நிற்கும் சொற்பப் பிராணவாயுவையே அது கவர்ந்துகொள்ள வல்லது. நீரைக் கொதிக்க வைத்து, காற்றுப் படாமல் மூடி ஆறவைத்து, அதில் மீனை விட்டால் அது மூச்சுத் திணறும் என்பதே இதற்குப் போதுமான சான்று. கொதித்த நீர் தன் சேர்க்கையில் ஓர் அணுவையும் இழக்கவில்லை, கரைந்திருந்த வாயுவை மட்டுமே இழந்தது.

கூடியிருப்பதற்கும் கலந்திருப்பதற்கும் உள்ள இந்த வேற்றுமையை, பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்துச் சூளைகளில் கண்ணெதிரே காணலாம். பொம்மைக்கும் கிண்ணத்துக்குமாக வெள்ளைக் களிமண்ணைக் குழைக்கும்போது நாம் ஊற்றுகின்ற நீர், நிழலிலும் வெயிலிலும் காய்ந்து, எஞ்சியது 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகிப் போய்விடுகிறது. அதுவரையில் அந்த மண்ணை மறுபடி நனைத்துக் குழைத்து வேறோர் உருவம் வனைந்துவிடலாம். ஆனால் தூய வெள்ளைக் களிமண்ணின் எடையில் ஏறத்தாழ நூற்றில் பதினான்கு பங்கு நீருக்கான அணுக்கள், அந்த மண்ணின் ரசாயன அமைப்புக்குள்ளேயே பிணைந்து கிடக்கின்றன. சூளை 450 டிகிரியைக் கடந்து 600 டிகிரியை நெருங்கும்போதுதான் அவை நீராவியாக வெளிப்படுகின்றன. அவை போனபின் அந்த மண்ணை எத்தனை நீர் ஊற்றினாலும் பழையபடி குழைக்க இயலாது. தீயின் உக்கிரம் கேட்கும் அந்தப் பிணைப்பைப் போன்றதே நீருக்குள் பிராணவாயுவுக்கு உள்ள பிணைப்பும்.

அடுப்பிலேற்றிய பாத்திரத்தின் உட்சுவரில், நீர் கொதிப்பதற்கு வெகு முன்பே சிறு குமிழ்கள் படிவதைக் கண்டு, நீர் பிரிகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் கரைந்திருந்த காற்று, உஷ்ணம் ஏற ஏற இடமின்றி வெளியேறுவதே ஆகும். சர்க்கரையும் உப்பும் வெந்நீரில் மிகுதியாகக் கரைவதைக் கண்ட பழக்கத்தால், வாயுவும் அப்படியே என்று கருதுவது மற்றொரு பிழை. பூஜ்ய டிகிரியில் 14.6 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும் ஒரு லிட்டர் நன்னீர், 20 டிகிரியில் 9.1 மில்லிகிராமே ஏற்கும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். அந்த உஷ்ணத்திலேயே மீனின் உடல் முன்னிலும் மிகுந்த பிராணவாயுவைக் கோருவது இயற்கையின் கொடிய முரண்பாடு.

பச்சைப்பாசி படர்ந்த குளத்தில் பிராணவாயுவுக்குக் குறைவில்லை என்பதும் பாதி உண்மையே. பகலில் வெயிலின் துணையால் பாசி அதை வெளியிடுகிறது. இரவிலோ பாசியும் சுவாசிக்கிறது. ஆதலால் விடியற்காலையில்தான் குளம் மிகவும் வறுமையுற்றிருக்கும். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளப்பதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். தெளிவும் ஓர் அடையாளமன்று: காற்றறியாத ஆழத்திலிருந்து பளிங்குபோல் ஏறிவரும் இரும்புச்சத்துள்ள நீர், பிராணவாயு பட்டபின்னரே செந்நிறமாகக் கலங்குகிறது.

இவையனைத்தினும் பெருங்கேடு விளைவிப்பது, விஷமில்லாத கழிவு ஆற்றுக்குத் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை. விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலை அடுத்து ஓடும் மணிமுத்தாறு போன்ற பருவகால ஆறுகள், கோடையில் மணல்வெளியாகி ஆங்காங்கே குட்டைகளாகச் சுருங்கும் தன்மையுடையவை. அத்தகைய குட்டையில் சோற்றுக் கஞ்சியும் வாடிய பூமாலையும் வீட்டுச் சாக்கடையும் சேர்ந்தால், அவற்றில் விஷம் எதுவும் இல்லையென்றாலும், அவற்றை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் கரைந்திருந்த பிராணவாயுவைச் செலவழித்துவிடுகின்றன. காற்றிலிருந்து புதிதாக வருவதோ மிக மெல்லவே வரும். அசையாத நீரில் பிராணவாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதினும் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கே. நுண்ணுயிர்களின் இந்தத் தேவையைத்தான், நம் நாட்டின் உஷ்ணத்தை அனுசரித்து, 27 டிகிரியில் மூன்று நாள் நீரை வைத்திருந்து ஆய்வுக்கூடத்தில் அளக்கிறார்கள். மீன்வளத்துக்கு உகந்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த பிராணவாயு வேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்துள்ளது. 35 டிகிரியில் நீர் ஏற்கக்கூடியதே 7 என்று கண்டோம். ஆகக் கோடையில் நம் நீர்நிலைகளுக்கு உள்ள மூலதனம் வெறும் 3 மில்லிகிராம்.

மீன்கள் செத்து மிதக்கும்போதெல்லாம் எவனோ நஞ்சைக் கலந்துவிட்டான் என்று தேடுகிறோம், தேடுவது தவறன்று. ஆனால் நஞ்சு அகப்படாவிட்டால் குற்றமே நடக்கவில்லை என்று திரும்பிவிடுவது தவறு. நாள்தோறும் நாம் குற்றமற்றதென எண்ணிக் கொட்டுவதே அந்த மூன்று மில்லிகிராமைத் தின்று தீர்க்கப் போதுமானது. ஆகவே ஒரு நீர்நிலையின் நலத்தை அதன் ஆழத்தையும் தெளிவையும் கொண்டு மதிப்பிடாமல், விடியற்காலையில் எடுத்த நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் ஒவ்வோர் ஊரிலும் ஏற்பட வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்திலேயே இதைச் செய்துவிடலாம். 1888-இல் ஹங்கேரி நாட்டு ரசாயன நிபுணர் விங்க்ளர் வகுத்த அந்த எளிய முறையை அடுத்த வாரம் படிப்படியாகக் காண்போம்.

(தொடரும்)