கால்நடை எருவும் சத்துச் சுழற்சியும்: நெதர்லாந்தின் பட்டறிவு

முன்னுரை

கால்நடைக் கழிவை நிலத்திற்கே உரமாகத் திருப்பித் தருதல் இயற்கையோடு இயைந்த செயலாகப் போற்றப்படுகிறது. செயற்கை உரத்தின் தேவையைக் குறைப்பதும் மண்ணின் கரிமப்பொருளைப் பெருக்குவதும் இதன் நன்மைகளாம். எனினும், எரு எந்நிலையிலும் நன்மையே பயக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இதனை நெதர்லாந்தின் பட்டறிவைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சத்து வெளியேறும் வழிகள்

எருவிலுள்ள தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாக நிலத்தடி நீரை அடைகிறது. மற்றொரு பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றுகின்றன. நூறாண்டுக் கணக்கில் இவ்வளி கரியமில வளியைவிட ஏறத்தாழ 273 மடங்கு வெப்பமூட்ட வல்லது. மேலும், பயிரின் தழைச்சத்துத் தேவையை நிறைவு செய்யுமளவு எரு இடப்படும்போது, மணிச்சத்து மிகுந்து மண்ணில் தேங்குவதுண்டு. அது நீர்நிலைகளை அடைந்தால் பாசி பெருகி, நீரில் உயிர்வளி குறைகிறது.

நெதர்லாந்தின் நடவடிக்கைகள்

பன்றி, கோழிப் பண்ணைகளின் விரிவாக்கத்தை நெதர்லாந்து 1984ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 1990களில், நீர்ம எருவை நிலத்தின்மேல் தெளிக்காது மண்ணுக்குள் செலுத்தும் முறை கட்டாயமாக்கப்பட்டது. இதனால் அம்மோனியா இழப்பு பெரிதும் குறைந்தது. ஆயின், மண்ணில் தங்கிய தழைச்சத்தைப் பயிர் முழுமையாக ஏற்காதவிடத்து, அது நைட்ரேட்டாகவோ நைட்ரஸ் ஆக்சைடாகவோ வெளியேறும் வாய்ப்பு மிகுந்தது. எருவின் அளவு குறையாதவரை, ஒரு வழியை அடைத்தால் இழப்பு மறுவழியை நாடும் என்பது இதனால் புலப்படும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நைட்ரேட்டு நெறியாணை, எருவழித் தழைச்சத்தை ஓர் எக்டருக்கு ஆண்டிற்கு 170 கிலோகிராம் என வரையறுத்தது. புல்வெளி மிகுந்த டச்சுப் பண்ணைகளுக்கு 2006ஆம் ஆண்டு முதல் 250 கிலோகிராம் வரை சலுகை வழங்கப்பட்டது. நீரின் தரம் போதிய அளவு மேம்படாமையால், அச்சலுகையைப் படிப்படியாகக் குறைத்து 2025ஆம் ஆண்டின் இறுதியில் முடித்துவிட 2022ஆம் ஆண்டு முடிவு செய்யப்பட்டது.

சிக்கலின் வேர்

டச்சுக் கால்நடைகள் உண்ணும் தீவனத்தில் இறக்குமதிக்குப் பெரும்பங்கு உண்டு. தென் அமெரிக்க மண்ணில் விளைந்த சோயாவின் சத்து, கடல் கடந்து வந்து டச்சு மண்ணில் எருவாகத் தங்குகிறது. விளைந்த நிலத்திற்கு அது மீள்வதில்லை. ஒருபுறம் குறைவும் மறுபுறம் தேக்கமும் விளைவிக்கும் இப்போக்கினைச் சுழற்சி என அழைப்பது பொருந்துமா என்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

எரு இயல்பிலேயே தூயதுமன்று, தீயதுமன்று. நிலத்தின் பரப்பு, பயிரின் தேவை, இடும் காலம் ஆகிய மூன்றோடும் அது பொருந்தும்போது உரமாகிறது, மிஞ்சும்போது மாசாகிறது. எனவே, எருவைக் கையாளும் தொழில்நுட்பத்தைச் சீர்செய்வதோடு அமையாது, நிலம் தாங்கும் அளவிற்குக் கால்நடைகளின் எண்ணிக்கையை வகுத்தலே நிலையான தீர்விற்கு அடிப்படையாகும்.