ஓதிப் பார்த்தால் தமிழ்

அரபு எழுத்தில் அச்சான பழைய நூலொன்று பழைய சாமான் கடைக்கு வந்தால், அது கிலோக் கணக்கில் விலைபோவதில்லை. குர்ஆனாக இருக்குமோ என்று கடைக்காரர் அஞ்சிப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடுகிறார். அங்கே கிழிந்த முஸ்ஹபுகளோடு சேர்த்து, கால் படாத இடத்தில் புதைத்துவிடுகிறார்கள். முஸ்ஹபுக்கு அது சரியான மரியாதைதான். ஆனால் அந்தக் குழிகளுக்குள் தமிழ் நூல்களும் போய்க்கொண்டிருக்கின்றன.

அரபுத் தமிழைத்தான் சொல்கிறேன். மொழி தமிழ், எழுத்து மட்டுமே அரபு. அரபியில் இல்லாத நம் ஓசைகளுக்காக, இருந்த எழுத்துகளிலேயே புள்ளி கூட்டினார்கள். ‘ஜீம்’ வயிற்றில் மூன்று புள்ளி வைத்தால் ‘ச’. எகர ஒகரங்களுக்கும் தனிக் குறிகள் உண்டு. ஓதற்பள்ளியில் குர்ஆன் ஓதிப் பழகிய பெண்பிள்ளை, தமிழ் அரிச்சுவடியைத் தொடாமலே தொழுகைச் சட்டங்களை வாசித்துவிடலாம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய ‘மகானீ’, ‘ஃபத்ஹுத் தய்யான்’ ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. அவர் இலங்கைக்கும் பலமுறை வந்துபோனவர். தமிழ் எழுத்துக் கல்வி பரவப் பரவ, இந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிப்போனார்கள்.

கினிகத்தேனையில் ஒரு கடையில் பழைய பாடப்புத்தகக் கட்டுக்குள் அப்படியொன்று எனக்குக் கிடைத்தது. அட்டையில்லை, முதல் தாள்களும் இல்லை. “இது ஒங்க ஓதுற கிதாபுங்க சேர், காசு வேணாம், பள்ளியில குடுத்திருங்க” என்றார் கடைக்காரர். நின்றபடியே ஒரு வரியை எழுத்துக்கூட்டினேன். ‘தொழுகை’ என்று வந்தது!

இனங்காண்பது கடினமல்ல. முதல் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். பிஸ்மியும் ஹம்தும் எப்படியும் அரபியில்தான் இருக்கும். நடுவில் ஒரு பக்கத்தை ஸபர், ஸேர் பார்த்துச் சத்தமாக ஓதுங்கள். கண்ணுக்குத் தெரியாத தமிழ் காதுக்குத் தெரியும். ஓரங்களையும் காலி ஏடுகளையும் பாருங்கள். பிள்ளைகள் பிறந்த நாளையும் மூத்தவர்கள் மௌத்தான நாளையும் ஹிஜ்ரிக் கணக்கில் குறித்துவைக்கும் வழக்கம் இருந்தது. சில குடும்பங்களுக்கு வேறு பதிவே இருக்காது.

மலைநாட்டு ஈரத்துக்குப் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட வையுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே வேண்டாம். பசை தாளைத் தின்றுவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, இணையத்திலுள்ள நூலகம் போன்ற ஆவணத் திட்டங்களுக்குக் கொடுக்கலாம். உள்ளே ஆயத்துகள் இருப்பதால், உளுத்துப்போன பிரதியைப் புதைக்கத்தான் வேண்டுமென்றால் அதன்பிறகு புதைக்கலாம்.