ஜெயித்தும் காய் குறைவது ஏன்? ஏழு சீட்டு ஸ்டட் ஹை-லோ

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மவுஸ் பழகத் திறப்பது சாலிடேர். அது அலுத்ததும் போக்கர் பக்கம் பார்வை போகும். கல்வராயன்மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம் இருக்கும் எங்கள் சித்தப்பா வீட்டில் பொங்கலுக்கு அதுதான் நடந்தது. தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "அண்ணே, பத்து ஆட்டத்துல ஆறு ஜெயிச்சேன். காய் குறையுது. சாப்ட்வேர்ல கோளாறா?"

அவன் ஆடியது இலவசக் காய்களில்தான். ஆனால் திரையின் ஓரத்தில் பணம் கட்டி ஆட அழைக்கும் விளம்பரம். சித்தப்பா மரவள்ளி விற்ற பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது; ஓ.டி.பி. வருவதோ தம்பியின் போனுக்கு! எனவே உட்கார்ந்து விளக்க வேண்டியதாயிற்று.

ஆட்டம் இதுதான். 2 முதல் 7 பேர் ஆடலாம். ஆளுக்கொரு காயை முதலில் நடுவில் வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்தும் ஒன்று மலர்த்தியும் போடப்படும். மலர்ந்ததில் சிறிய சீட்டு உள்ளவர் பந்தயத்தைத் தொடங்குவார். பிறகு மூன்று சீட்டுகள் ஒவ்வொன்றாக மலர்த்தி, ஏழாவது மட்டும் கவிழ்த்து. மொத்தம் ஐந்து சுற்றுப் பந்தயம். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம்.

கடைசியில் குவியல் இரண்டாகப் பிரியும். ஏழில் சிறந்த ஐந்தைக் காட்டும் 'ஹை'க்குப் பாதி. மிகத் தாழ்ந்த ஐந்தைக் காட்டும் 'லோ'வுக்கு மீதி. லோவுக்கு ஐந்தும் வெவ்வேறு எண்களாக, எட்டுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஏஸ் ஒன்றாகக் கணக்கு. பெரிய சீட்டிலிருந்து ஒப்பிடுவார்கள். அதனால் 7-6-5-4-3 என்பது 8-4-3-2-ஏஸை வெல்லும். ஒருவரிடமும் தகுதியான லோ இல்லையென்றால் முழுக் குவியலும் ஹைக்கே. ஏஸ்-2-3-4-5 வந்தவர் பாக்கியசாலி: அதைவிடச் சிறந்த லோ கிடையாது, ஹையிலும் அது வரிசை. ஒரே ஆள் இரண்டையும் அள்ளலாம்.

இப்போது தம்பியின் கேள்வி. இருவர் மட்டும் ஆளுக்கு 20 காய் போட்டால் குவியல் 40. லோ ஜெயித்தவருக்கு 20, போட்டதுதான் திரும்பியது. மூவர் என்றால் 60, பாதி 30, லாபம் 10. அதே லோ இருவருக்கு வந்துவிட்டால்? ஆளுக்கு 15. திரையில் 'வெற்றி' என்று வரும், கையில் 5 குறையும். சாப்ட்வேர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.

பணம் கட்டும் விளம்பரத்தை க்ளிக் செய்யவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது.

வீட்டில் ஆடப் புளியங்கொட்டை போதும், எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, ஒரு செல்லில் மொத்தக் கொட்டையை டைப் செய்யுங்கள். அடுத்த செல்லில் அதை 2ஆல் வகுத்து, பின்னத்தை வெட்டும் 'இன்ட்' ஃபங்ஷனைக் கொடுங்கள். இது லோவின் பங்கு. மொத்தத்தில் இதைக் கழித்தால் ஹையின் பங்கு. ஒற்றைக் கொட்டை மிஞ்சினால் ஹைக்குப் போவதுதான் வழக்கம். பக்கத்தில் 'போட்டது', 'எடுத்தது' என்று இரண்டு காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியும் அப்படியே செய்தான். இருட்டும்போது போட்டது 140, எடுத்தது 125. ஜெயித்த ஆட்டம் மட்டும் ஒன்பது.